கூரையைப் பிரித்த நால்வர்

(குணமாக்கும் ஊழிய ஞாயிறை முன்னிட்டு கம்பத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. கூடுகைக்கு வர இயலாத அன்பர்களுக்காக இங்கே முழுமையாக வெளியிடுகிறோம்.)



உத்தமபாளையத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் தோட்ட வேலையையும் கடையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நன்றி. புற்றுநோயைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். நான் மருத்துவன் அல்ல. அரசரடி இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு ஆயர் பணிக்கு வந்தவன். மருந்தைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். கட்டிலில் படுத்திருப்பவரைப் பற்றியும் அவர்கள் பேசுவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மகனையும் மகளையும் பற்றி நான் பேச விரும்புகிறேன். தகப்பனுக்கோ தாய்க்கோ நுரையீரலில் புற்றுநோய் என்று கேள்விப்பட்ட பிள்ளை எங்கே போகும்? யாரிடம் கேட்கும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, மருத்துவமனை வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போய், பொழுது சாய இறங்கி வருகிற நூற்றுக்கணக்கான பெண்களில் ஒருவர். அன்று வேலைக்குப் போகவில்லை. மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் எக்ஸ்ரே படம், ஸ்கேன் படம், மருந்துச் சீட்டுகள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா, டாக்டர் பார்த்தாச்சா?"

"பாத்துட்டாங்கய்யா. அம்மாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

"எதுக்கு?"

"அதுதாங்கய்யா தெரியல. நெஞ்சுக்குள்ள கட்டின்னாங்க. மேக்கொண்டு கேட்டா என்னத்தையாச்சும் சொல்லிருவாங்களோன்னு பயந்து, கேக்காமலே வெளிய வந்துட்டேன்."

அன்பானவர்களே, 'கேட்டால் சொல்லிவிடுவார்களோ' என்று பயப்படுகிற பிள்ளைகள் நம் பள்ளத்தாக்கில் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! படிக்காதவர்களுக்குத்தான் இந்தப் பயம் என்று நினைக்காதீர்கள். பட்டதாரி மகனும் ஆசிரியை மகளும் இதே பெஞ்சில் இதே பயத்தோடு உட்கார்ந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்த சம்பவம் நம் எல்லாருக்கும் தெரியும். மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த நால்வரின் பெயர் எழுதப்படவில்லை. அவர்கள் மருத்துவர்கள் என்று சொல்லப்படவில்லை. எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தைக் கண்டு வீட்டுக்குத் திரும்பவில்லை. கூரையைப் பிரித்தார்கள். ஒரே ஆள் சுமந்திருந்தால் வாசல்வரைகூட வந்திருக்க முடியாது. அந்த மஞ்சள் பைப் பெண்ணுக்கும் நான்கு பேர் தேவைப்பட்டார்கள். அந்த நான்கு பேரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலாவது ஆள்: விவரம் கேட்டுச் சொல்பவர்

அந்தத் தாயார் முப்பது வருடம் சாலையோரத்தில் இட்லிக்கடை வைத்திருந்தவர். விறகு அடுப்பு. பீடி, சுருட்டு, வெற்றிலை, புகையிலை எதையும் தொட்டவர் அல்ல. இருமலும் இளைப்பும் வந்தபோது, எக்ஸ்ரே படத்தில் ஒரு நிழல் தெரிகிறது என்று ஓரிடத்தில் காசநோய் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நான்கு மாதம் விழுங்கியிருக்கிறார். இருமல் நிற்கவில்லை, எடை குறைந்துகொண்டே போனது.

இது இந்தியா முழுவதும் நடக்கிற காரியம். நம் நாட்டில் காசநோய் அதிகம். எனவே நீடித்த இருமல், சளியில் இரத்தம், எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல் என்றால் காசநோயை முதலில் நினைப்பது தவறல்ல. சளியைச் சோதித்துக் கிருமி இருப்பது உறுதியானால் மாத்திரையைத் தவறாமல் முழுக் காலமும் சாப்பிட வேண்டும். ஆனால் நுரையீரல் புற்றுநோயும் ஏறக்குறைய இதே அடையாளங்களோடுதான் வருகிறது. எக்ஸ்ரேயில் இதே போன்ற நிழலைக் காட்டும். சளியில் கிருமி அகப்படாமல், மாத்திரை சாப்பிட்டும் இருமல் குறையாமல் இருந்தால், "வேறு எதுவும் இருக்குமா, ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. குரல் கம்மிப்போவது, ஒரு பக்கத் தோளில் விடாத வலி, முன்பு ஏறிய படியை ஏற முடியாத இளைப்பு ஆகியவையும் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

ஸ்கேனில் கட்டி தெரிந்தாலும், சிறிது சதை எடுத்துச் சோதித்த பிறகே புற்றுநோய் என்று உறுதிப்படுத்துவார்கள். இங்கே ஒரு பெரிய தடை வருகிறது. "ஊசி பட்டா, கத்தி பட்டா பரவிரும்" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்வார். அதை நம்பி வீட்டுக்கு அழைத்துச் சென்றவர்கள் உண்டு. சதைச் சோதனை இல்லாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

எங்கள் சிஸ்டர் ஒருவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தார். மதுரையில் மருத்துவரைப் பார்க்கும்போது வாயால் கேட்க வராவிட்டால் நோட்டை நீட்டிவிடு என்றார். அந்த ஐந்து கேள்விகளை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இது எந்த வகை? நுரையீரல் புற்றுநோயில் பெரிய பிரிவுகள் இரண்டு. சிறிய செல் வகை வேகமாகப் பரவும். சிறிய செல் அல்லாத வகை நூற்றுக்கு ஏறக்குறைய எண்பத்தைந்து பேருக்கு வருவது. இரண்டுக்கும் மருத்துவம் வேறு.

இரண்டு, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? ஒன்று முதல் நான்கு வரை நிலை சொல்வார்கள். நான்காம் நிலை என்றால் நாள் குறித்துவிட்டார்கள் என்று அர்த்தமல்ல. நுரையீரலைத் தாண்டி வேறு உறுப்புகளுக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று, எடுத்த சதையில் மரபணுச் சோதனை செய்ய வேண்டுமா? சிலருடைய கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருக்கும். அவர்களுக்கு ஊசிக்குப் பதிலாக வீட்டிலேயே சாப்பிடும் மாத்திரை பலன் தரக்கூடும். புகைக்காதவர்களிடத்திலும் பெண்களிடத்திலும் இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது.

நான்கு, இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன? முழுவதும் குணமாக்குவதா, நோயைக் கட்டுப்படுத்தி வைப்பதா, உபாதையைக் குறைப்பதா? மூன்றும் நல்ல நோக்கங்களே. ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்து, வீட்டில் என்ன நேர்ந்தால் உடனே அழைத்து வர வேண்டும்?

அந்தப் பெண் திரும்பி வந்தபோது நோட்டில் ஐந்துக்கும் பதில் இருந்தது. மருத்துவரே தம் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். கேள்வியோடு வருகிற பிள்ளையைப் பார்த்து எரிச்சல்படுகிற மருத்துவர்களைவிட, சந்தோஷப்படுகிற மருத்துவர்களே அதிகம் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

"பீடியே குடிக்காத எங்கம்மாவுக்கு ஏங்கய்யா இந்த நோய்?" என்று அவர் என்னைக் கேட்டார். பீடியும் சிகரெட்டும் இந்த நோய்க்கு மிகப் பெரிய காரணம் என்பதில் சந்தேகமில்லை. 1950 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இரண்டு அறிஞர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். ஆனால் புகைக்காதவருக்கும் வருகிறது. விறகு அடுப்புப் புகை, அடுத்தவர் விடும் புகை, அஸ்பெஸ்டாஸ் தூசி, மாசுபட்ட காற்று ஆகியவையும் காரணங்களாகின்றன. காரணமே தெரியாமலும் வருகிறது. பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியையே ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவில்லை. பீடி குடித்தவருக்கும் இதையே சொல்கிறேன். படுக்கையில் கிடக்கும் தகப்பனிடம் "அப்பவே சொன்னோமே, கேட்டியா?" என்று சொல்லிக் காட்டாதீர்கள். அவருடைய மகன் இன்னும் குடித்துக்கொண்டிருந்தால், 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். புகையிலையை விடுவதற்கு அங்கே வழி சொல்லித் தருகிறார்கள்.

இன்னொன்று. புற்றுநோய் தொற்று நோய் அல்ல. அந்தத் தாயாருக்குக் காசநோய் மாத்திரை ஆரம்பித்த நாளில் தட்டையும் தம்ளரையும் தனியே பிரித்து வைத்தவர்கள், புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் சேர்த்து வைக்கவில்லை. பேத்தியைப் பக்கத்தில் விடவில்லை. "இது ஒட்டாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல யாரும் இல்லாததால் ஒரு பாட்டி தன் பேத்தியைத் தொடாமல் ஆறு வாரம் இருந்தார்.

விவரம் தெரிந்தால் நோய் போய்விடுமா என்று கேட்கலாம். போகாது. பால் கலாநிதி என்ற மருத்துவரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் தென்னிந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, மூளை அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். புகைக்காதவர். 2013 ஆம் ஆண்டு, 36 வயதில், அவருக்கு நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. மரபணுச் சோதனைக்குப் பிறகு மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி அறுவை அறைக்குப் போய் வேலை செய்யும் அளவுக்கு நலமடைந்தார். 2014 இல் பெண் குழந்தை பிறந்தது. 2015 மார்ச் மாதம் இறந்தார். அடுத்த ஆண்டு வெளியான அவருடைய புத்தகத்தில் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. தமக்கு இன்னும் எத்தனை காலம் என்ற கணக்கை அவர் தம் மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அந்த மருத்துவர் எண்ணைச் சொல்லவில்லை. உமக்கு எது முக்கியம் என்று கேட்கிறார். எல்லாம் அறிந்த மருத்துவருக்கே அப்படிக் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது என்றால், நம் இட்லிக்கடை அம்மாவுக்கும் அவர் மகளுக்கும் எவ்வளவு தேவை!

இரண்டாவது ஆள்: காகிதமும் வழியும் பார்ப்பவர்

நோயைவிட அதிகமாகச் சில பிள்ளைகளை அலைக்கழிப்பது காகிதம். குடும்ப அட்டை ஒரு வீட்டில், ஆதார் இன்னொரு வீட்டில், பெயரில் ஓர் எழுத்து மாற்றம். ஏலத்தோட்டத்துக்குப் போனால்தான் கூலி. ஒரு சான்றுக்கு மூன்று நாள் அலைந்தால் மூன்று நாள் கூலி போயிற்று.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று இந்த மூன்றும் வேண்டும். விவரம் கேட்க 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. எல்லாச் சோதனையும் எல்லா மருந்தும் அதில் அடங்கிவிடாது. ஆகவே சேருமுன்பே, அந்த மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும்.

எங்கே போவது? நமக்குப் பக்கத்தில் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும், பாலரெங்காபுரத்தில் அரசு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம், சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அடையாறு மருத்துவமனை எப்படி வந்தது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கை புற்றுநோயால் துன்பப்பட்டு இறந்ததைக் கண்ணால் கண்டவர். அந்த வேதனையைப் பல ஆண்டுகள் சுமந்து, 1954 ஆம் ஆண்டு 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே பணிக்கு வந்த டாக்டர் சாந்தா, 2021 இல் கண்மூடும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. கூட நின்று பார்த்த ஒருவருடைய துக்கத்திலிருந்து பிறந்த மருத்துவமனை அது.

சென்னைக்குப் போக வேண்டியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அகலப்பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் ரயிலே இல்லாதிருந்த நம் பகுதியில், 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கு ரயில் ஓடுகிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு இரண்டாம் வகுப்புப் படுக்கையில் முழுக் கட்டணமும் தள்ளுபடி; துணைக்குப் போகிறவருக்கு நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். இது தெரியாமல் கடன் வாங்கி வாடகைக் கார் பிடித்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

நான்காவது கேள்வியை மறக்க வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? சிகிச்சையின் நோக்கம் இன்னதென்று கேளாமல், நகையை அடகு வைத்து, குழித் தோட்டத்தை விற்று, வட்டிக்கு வாங்கி, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் தகப்பனும் இல்லை, நிலமும் இல்லை என்று நிற்கிற பிள்ளைகள் உண்டு. "அப்பாவுக்குச் செய்யாமல் விட்டுட்டான்னு ஊர் சொல்லுமே" என்பதற்காகச் செய்த செலவு அது. செலவு செய்வதில் அன்பு இருக்கிறது. ஆனால் அன்பின் அளவு செலவு அல்ல. இதைப் பிள்ளைகளிடம் சொல்லும் தைரியம் திருச்சபைக்கு வேண்டும்.

"ஒரே வாரத்தில் புற்றுநோய் கரையும்" என்று கைப்பேசியில் வருகிற செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணத்தை வாங்கிக்கொண்டு, மற்ற மருந்தையெல்லாம் நிறுத்து என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஜெபித்தாயிற்று, மாத்திரையை நிறுத்திவிடு என்று சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். நான் முப்பது வருடத்துக்கு மேலாக ஜெபித்து வருகிறவன். மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஒருபோதும் ஜெபித்ததில்லை.

மூன்றாவது ஆள்: வலியைக் கவனிப்பவர்

"இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்." இந்த வார்த்தையைக் கேட்டு வந்த பிள்ளைகளின் முகத்தை நான் மறக்க முடியாது. ஒன்றும் இல்லை என்பது உண்மை அல்ல. வலியைக் குறைக்கலாம். இளைப்பைக் குறைக்கலாம். தூங்க வைக்கலாம்.

செவிலியாகவும், சமூகப் பணியாளராகவும், பிறகு மருத்துவராகவும் இருந்த சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவப் பெண்மணி, 1967 ஆம் ஆண்டு லண்டனில் இதற்கென்றே ஓர் இல்லத்தைத் திறந்தார். வலி என்பது சரீரத்தில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் ஆவியிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்று போதித்தார். நம் நாட்டில் 1986 இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் தொடங்கியது. 1993 இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் வலி தணிப்புப் பணியைத் தொடங்கினார்கள். மலப்புரம் பக்கத்தில் டீக்கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் ஆசிரியரும் பயிற்சி பெற்று, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று தம் தெருவில் உள்ள நோயாளியைப் போய்ப் பார்க்கிற ஓர் இயக்கமே வளர்ந்தது. 2008 இல் கேரள அரசு அதற்கென்று ஒரு கொள்கையை வகுத்தது. லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. அங்கே நடந்தது இங்கே நடவாதா? தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கும் சேவையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மார்ஃபின் மருந்தைப் பற்றிய பயம் இன்னும் போகவில்லை. சட்டப்படி அபின் விளைவிக்கிற சில நாடுகளில் நம் நாடும் ஒன்று. ஆனாலும் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால், வலியில் துடிக்கும் நம் நோயாளிக்கு அது எளிதில் கிடைக்காமல் இருந்தது. 2014 இல் சட்டம் திருத்தப்பட்டு வழி சற்றே திறந்திருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவர் வலியின் அளவுக்கு ஏற்பக் கொடுக்கும்போது அது போதைப் பழக்கம் ஆகிவிடாது. அது தொடங்கினால் சாவு நெருங்கிவிட்டது என்றும் அர்த்தமல்ல. மலச்சிக்கல் வரும். அதற்கு மருந்தைச் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். இளைப்பு வரும்போது படுக்கவைக்காமல், தலையணையைச் சாய்த்து நிமிர்ந்து உட்காரவைத்து, சன்னலைத் திறந்து, முகத்துக்கு நேரே விசிறினால் ஆசுவாசம் கிடைக்கும். காசு செலவில்லாத வைத்தியம். பேத்தியும் செய்யலாம்.

நான்காவது ஆள்: கூட உட்காருபவர்

இனி என் சொந்தக் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு தகப்பனார் எங்கள் வார்டில் இருந்தார். திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கட்டும் வேலை செய்தவர். நுரையீரலில் புற்றுநோய். மூத்த மகன் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. டி.பி.ன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். தெரிஞ்சா அன்னைக்கே செத்துருவாரு" என்றார். நான் சம்மதித்தேன். அன்பினால் கேட்கிறான் என்று எண்ணினேன். அன்பினால்தான் கேட்டான்.

ஓர் இரவு அந்தத் தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, டி.பி.க்கு எதுக்கு மதுரையில கரண்டு வைக்கிறாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "ஜெபிப்போம் ஐயா" என்று சொல்லிக் கண்ணை மூடினேன். அன்பானவர்களே, நான் செய்த ஜெபங்களில் நான் வெட்கப்படுகிற ஜெபம் அது. ஜெபத்தை ஒரு கதவாக்கி, அவருக்கு முன்னால் அதைச் சாத்தினேன். அவர் கண்ணை மூடினாரா என்று நான் பார்க்கவும் இல்லை.

அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். காரியங்கள் முடிந்தபின் அவருடைய மனைவியைப் பார்க்கப் போனேன். அந்த அம்மா சொன்னார்: "அவருக்கு முன்னமே தெரியும்ங்கய்யா. புள்ளைக மறைக்கிறது தெரிஞ்சு, அதுக மனசு நோகக் கூடாதுன்னு தெரியாத மாதிரியே இருந்துட்டாரு. தம்பிகூட பதினோரு வருசமாப் பேச்சில்ல. அவனக் கூப்பிடணும்னு எங்கிட்டச் சொன்னாரு. டி.பி.க்கு யாராச்சும் தம்பியக் கூப்பிடுவாங்களா? கூப்பிட்டா நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு புள்ளைகளுக்குத் தெரிஞ்சிரும்னு விட்டுட்டாரு."

பிள்ளைகள் தகப்பனுக்காக மறைத்தார்கள். தகப்பன் பிள்ளைகளுக்காக மறைத்தார். நடுவில் போதகரான நான் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் கதவைக் காவல் காத்தேன்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் ஒரே நாளில் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலர் அறிய விரும்புவதில்லை. அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் முதலில் அவரைக் கேளுங்கள்: "அப்பா, உங்க ஒடம்பப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நெனக்கிறீங்க?" அவர் கேட்ட அளவுக்கு, கேட்ட நாளில், பொய் சொல்லாமல் சொல்லுங்கள். மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். சொன்ன பிறகு எழுந்து போய்விடாதீர்கள்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்தபோதுதான் தவறு ஆரம்பித்தது. கெத்செமனேயில் நம் ஆண்டவர் கேட்டதும் அவ்வளவுதான், சற்று நேரம் கூட விழித்திருங்கள் என்று. நாம் உபதேசிக்க வேண்டாம். விழித்திருந்தால் போதும்.

கூட உட்காருதல் என்பது பிள்ளைகளுக்காகவும்தான். மஞ்சள் பைப் பெண்ணின் வீட்டில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற அவருடைய மகள், பாட்டியைப் பார்த்துக்கொள்ள இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. இதை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு பகலில் போய் உட்கார்ந்தார்கள். ஒருவர் கஞ்சி வைத்தார். ஒருவர் துணி அலசினார். ஒருவர் சும்மா இருந்தார். அந்தப் பெண் ஜீப் ஏறினார். பிள்ளை பள்ளிக்கூடம் போனாள்.

அந்தத் தாயார் மருத்துவரிடம், "எத்தன நாளும்மா இருப்பேன்?" என்று தாமே கேட்டார். மருத்துவர், மாதங்கள்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டு, "என்னம்மா செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். அம்மா யோசித்தார். இரண்டு காரியம் சொன்னார். கோபித்துக்கொண்டு திருப்பூர் போன சின்ன மகனைப் பார்க்க வேண்டும். கடையின் பெரிய இட்லிக் கொப்பரையை, முப்பது வருடம் கூட மாவாட்டிய பக்கத்து வீட்டுக்காரிக்குத் தம் கையாலேயே கொடுக்க வேண்டும்.

மகன் வந்தான். முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டான். மறு வாரம் மறுபடி வந்தான். கொப்பரை கைமாறியது. தட்டும் தம்ளரும் மறுபடி ஒன்றாகக் கழுவப்பட்டன. அம்மா மதுரையில் மருந்து எடுத்துக்கொண்டு ஏழு மாதம் இருந்தார். கடைசி வாரம் இளைப்பு அதிகமானபோது, பேத்தி பனையோலை விசிறியால் முகத்துக்கு நேரே விசிறிக்கொண்டிருந்தாள். வீட்டில்தான் இறந்தார்.

பிறகு அந்தப் பெண் நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "அன்னைக்குக் கேக்காமலே போயிருந்தா இதெல்லாம் பேசாமலே போயிருப்போம்ங்கய்யா" என்றார். நோட்டில் இன்னும் முப்பது பக்கம் எழுதாமல் இருந்தது. வேறு யாருக்காவது ஆகும் என்றார்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கைகளால் இந்த மருத்துவமனை நிற்கிறது. அதற்காக ஆண்டவரைத் துதிக்கிறோம். ஆனால் இன்று நான் வேறு ஒரு காணிக்கை கேட்கிறேன். உங்கள் ஒவ்வொரு சபையிலும் நான்கு பேர் வேண்டும். கேள்விகளை எழுதிக் கொடுக்க எழுத்துத் தெரிந்த ஒருவர். காகிதத்துக்கும் ரயிலுக்கும் கூட அலைய ஒருவர். வலியைக் கவனித்து, சுகாதார நிலையத்துக்குச் சொல்ல ஒருவர். ஒன்றும் சொல்லாமல் உட்கார ஒருவர். எந்த மதத்து வீடு என்று கேளாமல் போகிறவர்களாக அவர்கள் இருக்கட்டும். இருமலுக்கு மதம் இல்லை.

எழுதாத அந்த முப்பது பக்கங்கள் என் மேசையில் இருக்கின்றன. நாளைக் காலையும் அந்த பெஞ்சில் ஒரு மகனோ மகளோ உட்கார்ந்திருப்பார். கூரையைப் பிரிக்க ஆள் தாரும் என்று ஆண்டவரைக் கேட்போம். அந்த ஆள் நாமாகவே இருக்கும்படி நம்மை அவருக்கு ஒப்புக்கொடுப்போம். ஆமென்.